நூல் பிடித்தலும் சீர்தூக்கலும்: ஒற்றை இருக்கைப் பந்தய மகிழுந்தைச் செவ்வை செய்யும் முறை

'நூல் பிடித்தாற்போல' என்பது கொத்தரும் தச்சரும் நம் மொழிக்கு அளித்த வழக்கு. மரத்தின் கோட்டத்தை நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோட்டத்தை ஏட்டு நூல் தீர்க்கும் என்று நன்னூலின் பாயிரம் ஒப்புமை கூறும். பந்தய மகிழுந்தின் சக்கரங்களில் உள்ள கோட்டத்தைக் காணவும் இன்றளவும் நூல் பயன்படுகிறது. அம்முறையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

எடுத்துக்காட்டாக ஃபார்முலா ஃபோர்டு 1600 வகையைக் கொள்வோம். இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வகை வண்டிகளுக்கு இறக்கைகள் இல்லை. எனவே வளைவுகளில் தரையைப் பற்றும் திறன் டயர்களையும் சஸ்பென்ஷனையுமே பெரிதும் சார்ந்துள்ளது. சக்கரங்களைத் தாங்கும் கைகளின் முனைகளில் மரையிட்ட மூட்டுகள் உள்ளன. அவற்றைத் திருகினால் சக்கரத்தின் கோணம் மாறும். முன்னைய உரிமையாளர் எதை எவ்வளவு திருகினார் என்பதைப் புதிதாக வாங்கியவர் அறியார். அளக்காமல் களத்தில் இறங்கினால், ஓட்டத்தில் தோன்றும் குறை தம்முடையதா வண்டியுடையதா என்று அவரால் பகுத்தறிய இயலாது. வளைந்த கை ஒன்று வேகத்தில் முறியுமாயின் உயிருக்கே இடர்.

மூன்று கோணங்கள்

முதலாவது கேம்பர். முன்நின்று நோக்குகையில் சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்திருப்பின் அது எதிர்மறைக் கேம்பர். வளைவில் வண்டியின் உடல் வெளிப்புறம் சாய, வெளிச்சக்கரமும் உடன் சாய முனையும். முன்கூட்டியே உட்சாய்வு அளித்திருந்தால், அவ்வேளையில் டயரின் முழு அகலமும் தரையில் படியும்.

இரண்டாவது டோ. மேலிருந்து நோக்குகையில் இரு சக்கரங்களின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நெருங்கினால் அதனை உள்நோக்கு எனலாம், விலகினால் வெளிநோக்கு. முன்சக்கரங்களின் சிறிய வெளிநோக்கு வண்டியை வளைவினுள் விரைந்து திருப்பும். பின்சக்கரங்களின் சிறிய உள்நோக்கு நேர்ப்பாதையில் நிலைப்பைத் தரும்.

மூன்றாவது காஸ்டர். மிதிவண்டியின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை மாணவர் அறிவர். அதுபோலத் திருப்பும் அச்சின் பின்சாய்வே காஸ்டர். திருப்பிய சக்கரம் தானே நேர்நிலைக்கு மீள்வதற்கு இது துணை செய்கிறது.

அளக்கும் ஒழுங்கு

முதற்கண் மூட்டுகள், பேரிங்குகள், கைகள் ஆகியவற்றில் ஆட்டமோ வளைவோ உண்டா எனக் காண வேண்டும். ஆடும் மூட்டில் எடுத்த அளவு அளவன்று. அடுத்து, நான்கு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு தளத்தைச் சமன்செய்ய வேண்டும். டயர்க் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, ஓட்டுநரின் எடையை இருக்கையில் வைத்து, ஸ்டீயரிங்கை நடுநிலையில் பூட்டி, ஆன்டி-ரோல் பாரின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

பின்னர்த் தரையிலிருந்து வண்டியின் உயரம், அதன்பின் காஸ்டரும் கேம்பரும், இறுதியாக டோ என்பதே வரிசை. உயரம் மாறினால் கேம்பரும் டோவும் மாறும். கேம்பர் மாறினால் டோ மாறும். வரிசையைக் குலைப்பவர் செய்த வேலையையே மீண்டும் செய்ய நேரிடும்.

டோவை அளக்க, வண்டியின் இருமருங்கிலும் சக்கர மையத்தின் உயரத்தில் நூல் கட்டுகிறோம். ஒவ்வோர் அச்சிலும் இடச்சக்கர மையத்திற்கும் வலச்சக்கர மையத்திற்கும் நூலிலிருந்து உள்ள தொலைவு ஒன்றாக இருத்தல் வேண்டும். பின்னர் நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்பு வரையும் பின்விளிம்பு வரையும் அளக்கிறோம். முன்விளிம்பு கூடுதல் தொலைவில் இருந்தால் உள்நோக்கு. 13 அங்குல ரிம்மில் 1 மில்லிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ 0.17 பாகையாகும். ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டி, டயர்கள் இயல்பாக அமர்ந்தபின் மீண்டும் அளக்க வேண்டும்.

சீர்தூக்கல்

'சீர்தூக்குதல்' என்னும் சொல்லுக்கு நிறுத்தல், ஒப்பிட்டு ஆராய்தல் என இருபொருள் உண்டு. அடுத்த பணிக்கு இரண்டும் பொருந்தும். நான்கு சக்கரங்களின் கீழும் தராசுகளை வைக்கிறோம். ஓட்டுநருடன் 500 கிலோகிராம் உள்ள வண்டியில் முன்-இடம் 115, முன்-வலம் 100, பின்-இடம் 135, பின்-வலம் 150 எனக் கொள்வோம். இடமும் வலமும் தலா 250. எனினும் ஒரு மூலைவிட்டத்தில் 265, மற்றதில் 235. இவ்வண்டி இடவளைவில் ஒருவாறும் வலவளைவில் வேறாகவும் நடந்துகொள்ளும்.

சுருள்வில்லின் இருக்கையை ஒரு மூலையில் உயர்த்தினால் அம்மூலையிலும் அதன் எதிர்மூலையிலும் பாரம் கூடும். ஏனைய இரண்டிலும் குறையும். நான்கு மூலைகளிலும் சிறிது சிறிதாகத் திருத்தினால் முன்னிரண்டும் 107.5, பின்னிரண்டும் 142.5 என அமையும். முன்பின் பங்கீடு மாறவில்லை என்பதை நோக்குக. அதனை மாற்றப் பொருள்களையே இடம்பெயர்க்க வேண்டும். இதன்பின் உயரத்தையும் டோவையும் மறுபடி சரிபார்த்து, ஆன்டி-ரோல் பாரை முறுக்கமின்றி இணைக்கிறோம்.

களத்தில் ஓடித் திரும்பியவுடன் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பத்தை அளக்க வேண்டும். உட்பகுதி மிகுதியாகச் சுட்டால் எதிர்மறைக் கேம்பர் மிகை. நடுப்பகுதி சுட்டால் காற்றழுத்தம் மிகை. ஒரு வேளைக்கு ஒரே மாற்றம். அதனையும் ஏட்டில் குறித்தபின்னரே அடுத்தது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். மேசையொன்றின் நான்கு கால்களின் கீழும் எடைப்பொறிகளை வைத்து, ஒரு காலின் அடியில் மட்டும் அட்டையைச் செருகுங்கள். எந்த இரு எண்கள் உயரும் என்பதை மாணவரே முன்கூட்டித் தமிழில் எழுதி வைக்கட்டும்; பிறகு பொறிகளைப் பார்க்கட்டும்.