உஷார்! சிங்க முத்திரை ஜெயில் வரை இழுக்கும்

சித்தூரிலும் திருப்பதியிலும் டிடிபி சென்டர், ஸ்டிக்கர் கடை, ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் நடத்துகிறவர்களே, கவனம்! விசிட்டிங் கார்டில், கார் கண்ணாடியில், சங்கத்து லெட்டர்பேடில் அரசின் சிங்க முத்திரை போட்டுத் தாருங்கள் என்று யாராவது வந்து நின்றால் உடனே மவுஸைப் பிடித்துவிடாதீர்கள். போட்டுக் கொடுத்தவருக்கும் வம்பு, போட்டுக்கொண்டவருக்கும் வம்பு.

“அரசாங்கத்துப் படம்தானே, நெட்டில் காப்பிரைட் இல்லை என்றே போட்டிருக்கிறதே” என்பார்கள். அந்தப் பேச்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாரநாத் தூணின் உச்சியிலுள்ள சிங்கச் சிற்பம் தேசியச் சின்னமானது 1950 ஜனவரி 26-இல். அரசுப் படைப்புக்கு நம் நாட்டில் காப்பிரைட் 60 ஆண்டு. அந்தக் கணக்குப்படி அது முடிந்து போயிருக்கலாம். ஆனால் முத்திரையைக் காவல் காப்பது காப்பிரைட் சட்டம் அல்ல. அதற்கென்றே 2005-இல் தனிச் சட்டம் வந்தது, அதற்குக் காலாவதி கிடையாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொழிலில் முறைகேடாக ஆதாயம் தேடிப் போட்டிருந்தால் குறைந்தபட்சமே ஆறு மாத சிறை. அரசாங்கத்துக் காகிதம் என்று நம்பும்படி கொஞ்சம் மாற்றி வரைந்தாலும் தப்ப முடியாது.

மாஜி எம்.எல்.ஏ., மாஜி எம்.பி., ரிட்டயர் ஆன அதிகாரி, முன்னாள் நீதிபதி யாரும் போடக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 2007 விதிகள் பெயர் சொல்லியே தடுக்கின்றன. காப்பிரைட் இல்லாவிட்டாலும் முத்திரையைத் தொட முடியாது என்பது அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே மத்திய அரசு ஊழியர் பணியில் எழுதியதற்குக் காப்பிரைட்டே இல்லை. ஆனாலும் ஜனாதிபதி முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

எனக்கு அதிகக் கவலை திருமலைக்கு வருகிறவர்களைப் பற்றித்தான். காட்பாடியில் ரயிலேறி வரும் குடும்பத்திடம், வி.ஐ.பி. பிரேக் தரிசனத்துக்கு சிபாரிசுக் கடிதம் இருக்கிறது என்று ஒருவர் நீட்டுவார். மேலே சிங்கம், கீழே பச்சை மையில் கையெழுத்து. அதைப் பார்த்ததுமே கை கூப்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிங்கத்துக்கு அடியில் தேவநாகரி எழுத்தில் ‘சத்யமேவ ஜயதே’ இருக்கிறதா? அதுவும் சின்னத்தின் பாகம். அது இல்லாவிட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள். இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், கலர் பிரிண்டரில் எதுவும் வரும். கடிதத்தில் பெயர் உள்ளவரின் ஆபீசுக்கு நீங்களே நம்பர் தேடிப் போன் போட்டுக் கேளுங்கள். சிபாரிசுக் கடிதம் விலைக்கு விற்கும் சரக்கே அல்ல. போலிக் கடிதத்தோடு பிடிபட்ட செய்திகள் திருமலைக்குப் புதிதும் அல்ல. கவுன்டரில் மாட்டிக்கொண்டு பதில் சொல்லப்போவது, அதைக் கையில் வைத்திருக்கும் நீங்கள்.

திருமலை தேவஸ்தானத்தின் பெயரில் போலி இணையதளங்களும் வந்திருக்கின்றன. பணம் கட்டும் முன் முகவரி ‘டாட் ஏபி டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். இணையப் பக்கத்தில் இருக்கும் ஆந்திர அரசின் கலசச் சின்னத்தையோ சிங்கத்தையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

காப்பிரைட் பேச்சு வந்ததால் டியூஷன் சென்டர்காரர்களுக்கும் ஒன்று. அரசுப் பாடப்புத்தகத்தை ஸ்கேன் செய்து கைடு போட்டு விற்பதும் ஆபத்து, அதற்குக் காப்பிரைட் இருக்கிறது. கெஜட்டில் வந்ததையும் கோர்ட் தீர்ப்பையும் பொதுவாக அச்சிடலாம். சட்டத்தின் வாசகத்தை மட்டும் அப்படியே போட முடியாது, விளக்கவுரையோ வேறு சொந்த எழுத்தோ சேர்த்துத்தான் போட வேண்டும்.

ஏற்கெனவே அனுமதியில்லாமல் வண்டியில் சிங்க முத்திரை ஒட்டியிருப்பவர்கள் இன்றைக்கே கிழித்துவிடுங்கள். கடைக்காரர்கள் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கும் அந்த முத்திரை ஃபைலை அழித்துவிடுங்கள். அரசு ஆபீஸ் ஆர்டர் என்று வந்தால், ஆபீஸ் சீலோடு எழுத்துமூலம் வாங்கி ஃபைல் செய்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.