உங்களுக்குத் தெரியுமா? மாரத்தானில் எந்த வேகத்தில் ஓடுவது?

● மாரத்தானின் முழுத் தூரம் 42.195 கி.மீ. அதை 4 மணி நேரத்துக்குள் முடிக்க, ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 நொடியில் கடக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 10 நொடி பிந்தினால் போதும், மொத்தத்தில் 7 நிமிடம் கூடிவிடும்.

● அரை மாரத்தானை 2 மணி நேரத்தில் ஓடுபவர் முழு மாரத்தானை 4 மணி நேரத்தில் முடித்துவிடுவாரா? பெரும்பாலும் முடியாது. தூரம் கூடக் கூட வேகம் குறையும். அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977-இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி, தூரம் இரட்டிப்பானால் நேரம் சுமார் 2.085 மடங்காகும். ஆக, அந்த ஓட்டக்காரருக்கு 4 மணி 10 நிமிடம் பிடிக்கும். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 56 நொடி.

● ஆரம்பத்திலேயே விரட்டி ஓடினால், தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக உள்ள கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து சீக்கிரம் தீர்ந்துவிடும். 30 கி.மீ. தாண்டியதும் பலர் துவண்டுபோவதற்கு இது முக்கியக் காரணம்.

● வெயிலில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் கூடுதல் ரத்தம் பாய வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக உழைக்கும். குளிர்ந்த காலையில் ஓடிக் கணித்த வேகத்தை வெப்பமான நாளில் குறைத்துக்கொள்வதே நல்லது.

● கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோ மாரத்தானை 2 மணி 35 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். முதல் பாதிக்கு அவர் எடுத்துக்கொண்டது 60 நிமிடம் 48 நொடி. இரண்டாம் பாதிக்கோ 59 நிமிடம் 47 நொடிதான்!