பனிச்சறுக்கில் பனிச்சரிவு இடர் மதிப்பீடு

பனிச்சரிவு இடர் மதிப்பீடு என்பது, மலைச்சரிவில் படிந்துள்ள வெண்பனி நிலைத்து நிற்குமா, பெயர்ந்து சரியுமா என்பதை அதன் மீது இறங்குவதற்கு முன் கணிக்கும் முறையாகும். சீரமைத்த தடங்களை விட்டு விலகிச் சறுக்குவோருக்கு இது இன்றியமையாதது. இந்தியாவில் இவ்வகைச் சறுக்கலுக்குப் பெயர்பெற்ற இடம் காஷ்மீரின் குல்மார்க். அங்கிருந்து கம்பிவட ஊர்தி அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரை செல்கிறது. அம்மலையில் 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கில் ரஷ்யர் ஒருவர் இறந்தார்.

பனியின் அடுக்குகள்

தமிழ்நாட்டில் பனி என்றால் மார்கழி விடியலில் இலைகளில் படியும் ஈரந்தான். இமயமலைப் பனியோ மண்ணைப் போல் அடுக்கடுக்காகப் படிவது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் கிணறு வெட்டும்போது கரிசல், சுக்கான், பாறை என்று நிலத்தின் அடுக்குகள் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு.

பனிக்கு அடியிலுள்ள தரை ஏறத்தாழ 0° செல்சியசில் இருக்கும். மேலே காற்று கடுங்குளிராக இருக்கும். இவ்வேறுபாட்டால் நீராவி பனிக்குள் மேல்நோக்கி நகர, அடிப்பனி கோணமான மணிகளாக மாறுகிறது. அதை அள்ளினால் உருண்டை பிடிக்க வராது; சீனியைப் போல் உதிரும். இதுவே வலுவற்ற அடுக்கு. இதன்மேல் காற்று அடித்துச் சேர்த்த இறுகிய பனிப்பாளம் அமர்ந்திருந்தால், சறுக்குபவர் ஒருவரின் எடையே அடியடுக்கை உடைத்துவிடும். விரிசல் நொடியில் பரவிப் பாளம் முழுவதும் பெயரும். முன்னே சிலர் சறுக்கிய தடம் இருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. மெலிந்த இடத்தை அவர்கள் மிதிக்காமல் போயிருக்கலாம்.

கணிக்கும் முறை

முதலில் சரிவின் சாய்வு அளக்கப்படுகிறது. பாளச் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைச் சாய்வில் நிகழ்கின்றன. பிறகு பனியில் குழி தோண்டி அடுக்குகள் பார்க்கப்படுகின்றன. 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு தூண் பிரித்தெடுக்கப்பட்டு, அதன் தலையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டப்படுகிறது. சில தட்டுகளிலேயே தூண் வழுக்கி விழுந்தால் இறங்கக் கூடாது. விழாவிட்டாலும் அது அந்த ஓரிடத்துக்கான விடை மட்டுமே.

அருகில் புதிய சரிவின் தடம், காலடியில் 'வும்' என்று பனி அமுங்கும் ஓசை, பாதத்திலிருந்து ஓடும் விரிசல் ஆகியவை சோதனையே தேவையில்லாத எச்சரிக்கைகள். பெரும் பனிப்பொழிவுக்குப் பின் வரும் தெளிந்த நாள் கவர்ச்சியானது. இடர் மிகுந்ததும் அதுவே.

சண்டிகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது.

மீட்பு

குழுவினர் ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்சில் இயங்கும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் வைத்திருக்க வேண்டும். புதைந்தவர்களில் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் மீட்கப்படுவோர் பெரும்பாலும் பிழைக்கின்றனர்; அரைமணி கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே உடனிருப்பவர்களே மீட்புப் படை.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆம் பட்டாலியன் முகாமின் பத்து வீரர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்டவர் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவரே. அவரும் பிப்ரவரி 11 அன்று தில்லியில் இறந்தார்.