விடுப்பு முடிந்த மறுநாள்

சென்னை விமான நிலையத்தை அடுத்த பொழிச்சலூரில் ஒரே தெருவில் குடியிருக்கக்கூடிய ஸ்திரீகளுக்கு, பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பாதை ஒரே மாதிரியாக அமைவதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியைக்கு, 2021 ஜூலை முதல், முதலிரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் பன்னிரண்டு மாத விடுப்பு உண்டு. தாம்பரம் சானடோரியத்து மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஆயத்த ஆடை தைப்பவர், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவராயின், இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் மூலம் 26 வாரங்களுக்கு உதவித்தொகை பெறலாம். வீட்டு வேலை செய்து ஜீவனம் நடத்துபவருக்கோ, விட்டு நின்ற வேலை மீண்டும் கிடைக்குமென்று எந்தச் சட்டமும் உறுதி கூறுவதில்லை.

1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது மகத்தான காரியம். ஆனால் இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு அந்த ஆறு மாத ஊதியத்தையும் முதலாளி ஒருவரே கொடுக்க வேண்டியிருப்பதால், கல்யாணமான இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கையில் அவர் தயங்குவதற்கு இடமுண்டாகிறது. ஆண், பெண் என்ற பேதமின்றி எல்லோருடைய சந்தாவும் சேர்ந்த பொது நிதியிலிருந்து கொடுக்கும் இ.எஸ்.ஐ. முறையில் அத்தயக்கத்துக்குக் காரணமில்லை. 2000-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் வகுத்த உடன்படிக்கையும் பொது நிதியையே வற்புறுத்துகிறது.

இருப்பினும், விடுப்பு முடிந்த மறுநாள் குழந்தையை யாரிடம் விடுவது என்பதே பிரதானமான கேள்வி. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய் வரலாமென்றும் சட்டம் சொல்கிறது; சிறிய பட்டறைக்கும் கடைக்கும் அது எட்டவில்லை. அங்கன்வாடியோ பொதுவாக இரண்டு வயதான பிறகே குழந்தையை ஏற்கிறது. கூழ் குடிக்கப் பழகும் ஆறாவது மாதத்திலிருந்து அந்த இரண்டு வயது வரையுள்ள இடைவெளியில், பெற்ற தாயையும் மாமியாரையும் ஊரில் விட்டுவிட்டுப் புறநகருக்குக் குடிவந்த பெண் வேலையை விட்டுவிட்டு, பின்னர் திரும்புகையில் அனுபவமெல்லாம் கணக்கில் வராமல் புதியவளாகத் தொடங்க நேர்கிறது.

விடுப்பை மட்டும் நீட்டுவது இதற்குப் பரிகாரமாகாது. ஆஸ்திரியா 1990-இல் ஓராண்டு விடுப்பை ஈராண்டாக்கியபோது, தாய்மார் பலர் வேலைக்குத் திரும்புவதும் தள்ளிப்போயிற்று. ஸ்வீடனோ 1974-லேயே தந்தையையும் விடுப்புக்கு உரியவராக்கியது. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியரான தந்தைக்குப் பதினைந்து நாள் உண்டு. தனியார் துறைத் தந்தைக்கு மகப்பேறு நலச் சட்டம் ஒரு நாளும் தரவில்லை.