அலையில் விழும் படகு, அதைத் தாங்கும் முதுகெலும்பு

பள்ளி விடுமுறையில் குவாலா பெசுட்டிலிருந்து பெர்ஹெந்தியான் தீவுக்கு விசைப்படகில் போனவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்தவர் பாடு திண்டாட்டம்தான். படகு அலையின் மேல் ஏறி, ஒரு நொடி காற்றில் மிதந்து, பிறகு ‘டமார்’ என்று தண்ணீரில் விழும். உடல் இருக்கையிலிருந்து எழும்பி மறுபடியும் பலகையில் மோதும். கொஞ்ச நேரத்தில் கரை வந்துவிடுவதால் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுகிறோம்.

இதையே நள்ளிரவில், விளக்கு எதுவும் இல்லாமல், மணிக்கு 40 கடல் மைல் வேகத்தில், பல மணி நேரம் தொடர்ந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் போர்ப்படகுக் குழுவினர் அவர்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அவர்களை ‘ஸ்விக்’ என்று அழைப்பார்கள். ‘சீல்’ எனப்படும் அதிரடிப் படையினரைப் பற்றித் திரைப்படங்கள் ஏராளம். அந்தச் சீல் வீரர்களைக் கரைவரை கொண்டுபோய் இறக்கி, வேலை முடிந்ததும் திரும்ப அழைத்து வருபவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இந்தப் பணிக்கென்றே ஒரு தகுதிச் சின்னம் அவர்களுக்குக் கிடைத்ததும் 2001-இல்தான். ஒரு போர்ப்படகின் முன்புறம், அதன் பின்னால் குறுக்காக வைத்த மாலுமி வாளும் பழங்காலக் கைத்துப்பாக்கியும் அந்தச் சின்னத்தில் இருந்தன.

சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சிறிய உலோகச் சின்னத்தைப் பெறுவதற்குத் தசை வலிமை மட்டும் போதாது. உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் சில விதிகளை உடம்பாலேயே படித்தாக வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

படகு அலையின் உச்சியிலிருந்து 1 மீட்டர் கீழே விழுவதாக வைத்துக்கொள்வோம். தண்ணீரைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். மிதிவண்டி வேகம்தானே என்று தோன்றும். ஆனால் ஆபத்து வேகத்தில் இல்லை. அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

விழுந்த உடல் 25 சென்டிமீட்டர் தூரத்துக்குள் மெல்ல நின்றால், அதன்மீது புவியீர்ப்பைப் போல 4 மடங்கு விசை செயல்படும். இதை 4 ‘ஜி’ என்பார்கள். அதே உடல் 5 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் 20 ஜி. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் போதும், விடை வந்துவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 20 ஜி அதிர்ச்சியை வாங்கும்போது, ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு 1,400 கிலோ எடை அவரை நசுக்குவது போலாகும். ஒரு மைவி காரைவிட அதிகம்! அந்த விசை முழுவதும் இடுப்பிலிருந்து முதுகெலும்பு வழியாகத்தான் மேலே ஏறுகிறது.

ஒரு முறை என்றால் தாங்கிவிடலாம். மணிக்கு 40 கடல் மைல் என்பது நொடிக்கு 20 மீட்டருக்குச் சற்று அதிகம். அலைகள் 20 மீட்டர் இடைவெளியில் வந்தால், நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் படகு அலைகளைச் சந்திக்கும். ஒரு மணி நேரத்தில் 3,600 அலைகள். எல்லா அலையும் படகைத் தூக்கிப் போடாது. தூக்கிப் போடுகிறவற்றுள் எது பெரியது என்பது இருட்டில் தெரியாது. தெரியாமல் வரும் அடிதான் உடலை அதிகம் பாதிக்கிறது. அலை வருவதைப் பார்த்தால் தசைகள் முன்கூட்டியே இறுகி, முழங்கால்கள் மடிந்து தயாராக இருக்கும். பார்க்காவிட்டால் எலும்பும் எலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற வட்டுகளும் அந்த விசையைத் தனியாக வாங்குகின்றன.

அமெரிக்கக் கடற்படையின் சுகாதார ஆய்வு மையம் இந்தப் படகுக் குழுவினரிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் பணியால் காயம் ஏற்பட்டதாகக் கூறினர். அதிகம் பாதிக்கப்பட்டது கீழ்முதுகு. அடுத்தது முழங்கால், அதற்கடுத்தது தோள்பட்டை. துப்பாக்கிக் குண்டு அல்ல, தண்ணீர்தான் இவர்களை அன்றாடம் காயப்படுத்துகிறது.

தண்ணீர் ஏன் கல்லாகிறது?

நீச்சல் குளத்தில் கைகளை முன்னால் நீட்டிக் குதித்தால் வலிக்காது. வயிறு தட்டையாகப் பட விழுந்தால் தோல் சிவந்துவிடும். காரணம் எளிது. தட்டையாக விழும்போது நிறையத் தண்ணீரை ஒரே கணத்தில் விலக்க வேண்டியிருக்கிறது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அவ்வளவு எடை அவசரத்தில் ஒதுங்குமா?

அதனால்தான் விரைவுப் படகுகளின் அடிப்பகுதியை ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் கூராக அமைக்கிறார்கள். முதலில் கூர்முனை நுழையும், பிறகு சிறிது சிறிதாக அகன்ற பகுதி இறங்கும். நிற்கும் தூரம் கூடும், ஜி குறையும். ஆனால் கூர் அதிகமானால் படகு தண்ணீரின்மேல் எளிதாக வழுக்கிச் செல்லாது. அதே வேகத்துக்கு இயந்திரத்தின் வலிமை கூடுதலாகத் தேவைப்படும். பொறியாளர்கள் இரண்டுக்கும் நடுவே பேரம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்த வழி இருக்கை. கீழே சுருள்வில்லும் அதிர்ச்சி தணிப்பானும் வைத்த இருக்கைகள் இப்போது பல படகுகளில் உண்டு. இதிலும் ஒரு சிக்கல். வில் இறங்கக்கூடிய தூரம் முடிந்த பிறகும் விசை மிச்சமிருந்தால், இருக்கை அடித்தளத்தில் ‘தட்’ என்று மோதும். அப்போது வில்லே இல்லாத இருக்கையைவிட அதிக அடி விழலாம். வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம், அம்மாவின் அனுமதியோடு. ஒரு முட்டையை ஒரே உயரத்திலிருந்து மெல்லிய பஞ்சின்மீதும் தடித்த பஞ்சின்மீதும் போட்டுப் பாருங்கள். மெல்லிய பஞ்சு முழுவதும் அமுங்கியதும் முட்டை மேசையைத்தான் சந்திக்கிறது. கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்கு மேலும் கீழுமான ஆட்டத்தில் ஓர் இயல்பு அதிர்வெண் இருக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 5 முறை. படகின் நடுக்கம் அதே வேகத்தில் அமைந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல உடலின் ஆட்டம் பெருகும். இருக்கையை வடிவமைப்பவர்கள் இதையும் பார்த்தாக வேண்டும்.

கடைசி வழி மனிதரின் கால்கள். முழங்காலைச் சற்று மடித்து நிற்பவரின் கால்கள் அருமையான சுருள்வில்கள். அந்த வில் களைத்துப் போகும் என்பதுதான் தொல்லை. இரண்டு மணி நேரம் அரை மண்டியில் நிற்க முடிகிற தொடை தேவை. பயிற்சியில் உடலை அவ்வளவு வாட்டுவதற்கு இது ஒரு காரணம்.

படகோட்டியின் கை

அலை உச்சியைத் தாண்டும் முன்பே படகோட்டி இயந்திரத்தின் வேகத்தைச் சற்றுத் தணிக்க வேண்டும். படகு தண்ணீரைத் தொட்டதும் உடனே கூட்ட வேண்டும். தணிக்கத் தவறினால் படகு உயரப் பறந்து பலமாக விழும். அதிகம் தணித்தால் முன்பகுதி அடுத்த அலைக்குள் குத்திக்கொள்ளும். நல்ல படகோட்டி ஒருவர் குழுவின் முதுகுகளைக் காப்பாற்றுவதில் எந்த இருக்கையையும் மிஞ்சிவிடுவார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் படகுகள் பலவற்றில் சுழலும் விசிறி வெளியே தெரியாது. அடிப்புறத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும் நீர்த்தாரை இயந்திரம்தான் அவற்றைச் செலுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி அப்படியே கண்முன் நடக்கும். நியூசிலாந்தின் ஆழமில்லாத ஆறுகளில் போவதற்காக வில்லியம் ஹேமில்டன் என்பவர் 1950-களில் இந்த முறையை நடைமுறைக்கு ஏற்றதாக்கினார். வியட்நாம் போரில் மீகோங் ஆற்றுக் கழிமுகத்தில் அமெரிக்கர்கள் ஓட்டிய 31 அடி ரோந்துப் படகுகளிலும் நீர்த்தாரைதான். அவற்றின் நீரேற்றிகளைச் செய்தது ஜக்கூசி நிறுவனம். ஆம், குமிழிக் குளியல் தொட்டிக்குப் பெயர்போன அதே ஜக்கூசி. இன்றைய ஸ்விக் குழுவினர் அந்த ஆற்றுப் படகுக்காரர்களையும், அவர்களுக்கு முன் இரண்டாம் உலகப் போரில் ‘பிடி’ படகுகளில் போனவர்களையும் தங்கள் முன்னோடிகளாகக் கருதுகிறார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் எஃப் கென்னடி ஓட்டிச் சென்ற பிடி-109 படகை 1943-இல் ஒரு ஜப்பானியப் போர்க்கப்பல் இருட்டில் இரண்டாகப் பிளந்தது.

அவர்களின் இப்போதைய ஆற்றுப் படகின் நீளம் 33 அடி. 440 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டீசல் இயந்திரங்கள், நால்வர் கொண்ட குழு. முழு வேகத்தில் போகும்போது தாரையின் திசையை முன்பக்கமாகத் திருப்பிவிட்டால் சில படகு நீளத்துக்குள் நின்றுவிடும். அப்போது எதையாவது பிடித்துக்கொள்ளாதவர் என்ன ஆவார் என்பதை நியூட்டனின் முதல் விதி சொல்லும்.

குளிரும் திசையும்

பயிற்சி நடக்கும் இடம் கலிபோர்னியா மாநிலத்தின் சான் டியாகோ நகருக்கு எதிரே உள்ள கொரனாடோ. வெயிலும் மணலும் நிறைந்த அழகான கடற்கரை. ஆனால் தண்ணீர் வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம். குளிர்காலத்தில் வெப்பநிலை 14 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். நம் சிங்கப்பூர் நீரிணையில் 29 பாகை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். நனைந்த உடலோடு மணிக்கு 70 கிலோமீட்டர் காற்றில் நின்றால் விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரல்களால் கயிற்றில் முடிச்சுப் போட வேண்டும், வானொலிப் பொத்தானை அழுத்த வேண்டும், காயம்பட்டவருக்குக் கட்டுப்போட வேண்டும்.

திசை காண்பதும் அப்படித்தான். 30 கடல் மைல் பயணத்தில் திசைகாட்டியில் வெறும் 1 பாகை பிசகினால் சேரும் இடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகும். குறுக்கே மணிக்கு 2 கடல் மைல் நீரோட்டம் ஓடினால், அந்த 45 நிமிடப் பயணத்தில் படகு 2.8 கிலோமீட்டர் விலகிவிடும். துணைக்கோள் வழிகாட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். அது பழுதாகலாம், எதிரி அதன் சமிக்ஞையைக் குழப்பலாம். ஆகவே வரைபடமும் அளவுகோலும் கடிகாரமும் கொண்டு கணக்கிடவும் தெரிந்திருக்க வேண்டும். சான் டியாகோவில் திசைகாட்டி முள் உண்மை வடக்கிலிருந்து 11 பாகை கிழக்கே சாய்ந்து நிற்கும் என்பதையும் சேர்த்துத்தான். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் அந்தச் சாய்வு ஒரு பாகைகூட இல்லை. நமக்கு அந்தக் கவலை கிடையாது.

சின்னம் எப்போது கிடைக்கும்?

முதல் வாசல் உடற்தகுதித் தேர்வு. 500 கெஜ தூரத்தை, அதாவது ஒலிம்பிக் குளத்தின் 9 நீளத்துக்குச் சற்று அதிகமான தூரத்தை, 13 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் 50 தண்டால், கம்பியில் தொங்கி 6 முறை உடலை மேலே இழுப்பது, பிறகு ஒன்றரை மைல் ஓட்டம். கடைசியாகச் சொன்ன தூரம் உங்களுக்குப் பழக்கமானதுதான்: நாப்ஃபா தேர்வின் அதே 2.4 கிலோமீட்டர். இவை உள்ளே நுழைவதற்கான குறைந்த அளவு மட்டுமே. இதை மட்டும் எட்டிவிட்டுப் போகிறவர்கள் நெடுநாள் நிலைப்பது கடினம்.

அதன்பின் ஆயத்தப் பயிற்சி, தெரிவுக் கட்டம், அடிப்படைப் பயிற்சி, தகுதிப் பயிற்சி என்று மாதங்கள் ஓடும். பலர் பாதியில் விலகுகிறார்கள். இறுதிக் கட்டத்தில் ஓட்டமும் நீச்சலும் பின்னுக்குப் போய், படகோட்டுதல், இயந்திரப் பராமரிப்பு, வழி காணுதல், வானொலி, முதலுதவி, ஆயுதங்கள் ஆகியவை முன்னுக்கு வருகின்றன. நால்வர் மட்டுமே உள்ள படகில் இயந்திரம் நின்றுபோனால் பட்டறைக்குத் தொலைபேசியில் அழைக்க முடியாதல்லவா?

2001 முதல் ஒரே சின்னமாக இருந்ததை 2016-இல் கடற்படை மூன்று நிலைகளாகப் பிரித்தது: அடிப்படை, மூத்த நிலை, தலைமை நிலை. பயிற்சியை முடித்தவருக்குக் கிடைப்பது முதலாவது. மற்ற இரண்டையும் குழுவில் பணியாற்றி, அனுபவத்தாலும் கூடுதல் தகுதிகளாலும் பெற வேண்டும். முதுகு வலியோடு இருபது ஆண்டு இருட்டில் படகோட்டியவரும் நேற்றுத் தேர்ச்சி பெற்றவரும் ஒரே சின்னத்தை அணிந்த நிலை அதோடு மாறியது. செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அதே 2016-இல் இந்தப் பணி பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தேர்வின் அளவுகோல் இருபாலருக்கும் ஒன்றே. 2021 ஜூலை 15-ஆம் தேதி தகுதிப் பயிற்சியை முடித்த 17 பேரில் ஒருவர் பெண். ஸ்விக் சின்னத்தை அணிந்த முதல் பெண் அவர்தான். அவருடைய பெயரைக் கடற்படை வெளியிடவில்லை. சிறப்புப் படையினரின் பெயரை வெளியில் சொல்லாதிருப்பது அங்கு வழக்கம்.