லாரியில் ஏறிய லக்ஷ்மி

சென்ற மாதம் ஒரு நாள் அதிகாலையில் நொச்சிக்குப்பம் கடற்கரையில் உலாவிக்கொண்டிருந்தோம். மீன் அங்காடிக்குச் சற்று அப்பால், லூப் சாலையோரமாக ஒரு லாரி நின்றது. உள்ளே ஒன்பது பசுக்கள். அவற்றில் ஒன்று சாணத்தில் கால் வழுக்கி விழுந்து கிடந்தது. எழ முயன்றபோதெல்லாம் பக்கத்து மாட்டின் குளம்பு அதன் விலாவில் பட்டது. டிரைவரோ அதன் வாலைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

கூடையுடன் வந்த மீனவ மூதாட்டி ஒருத்தி நின்று பார்த்தாள்.

"இன்னா தம்பி, செத்த மீனையே ஐஸ் போட்டுப் பதனமா ஏத்துறோம். உசிரோட போற மாட்டுக்குக் காலடியில ரெண்டு கூடை மணல் போடக் கூடாதா?" என்றாள்.

கேட்டதோடு நில்லாமல் தானே மணலை அள்ளி வந்தாள். அக்கம்பக்கத்தாரும் கை கொடுத்தனர். இரண்டு மாடுகளைக் கீழே இறக்கி, தரையில் மணலைத் தூவியதும், விழுந்த பசு தானாகவே காலூன்றி எழுந்தது.

கிழவி சொன்னது வெறும் இரக்கப் பேச்சு அன்று. சட்டமும் அதையே சொல்கிறது. 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, சாதாரண லாரியில் மாடு ஏற்றினால் தரையில் வழுக்காத கயிற்றுப் பாயோ மரப்பலகையோ இருக்க வேண்டும். ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது. வேறு சரக்கும் கூடாது. கவனிக்க ஓர் ஆள் உடன் செல்ல வேண்டும். பிரயாணத்துக்குத் தகுதி உண்டென்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். 2015-இல் மோட்டார் வாகன விதிகளும் திருத்தப்பட்டு, மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டருக்குக் குறையாத தனித் தடுப்பு வேண்டும் என்று ஏற்பட்டது.

"நெருக்கி நிறுத்தினால் மாடு விழாது" என்பார்கள் வியாபாரிகள். உண்மைதான், ஒன்று விழும் வரையில்! விழுந்த பிறகு அது எழுவதற்கு இடம் ஏது? அரிசி மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். மாடோ, பிரேக் போட்டால் முன்னால் சாயும். திருப்பத்தில் பக்கவாட்டில் சாயும். ஆறு மாடுகளே ஏறக்குறைய இரண்டு டன் கனம். அவ்வளவு கனமும் ஒரே பக்கம் சாய்ந்தால் லாரிக்கும் ஆபத்து, டிரைவருக்கும் ஆபத்து.

1978-ஆம் ஆண்டு விதிகளுக்கு மூலமான சட்டத்துக்கும் நம் அடையாற்றுக்கும் சம்பந்தம் உண்டு. 1952-இல் ராஜ்ய சபையில் அங்கத்தினரான ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளை வதைப்பதைத் தடுக்கத் தனி மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் செய்வதாக நேரு வாக்களித்ததன்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

சட்டம் இருந்தும் ஒன்பது மாடுகள் ஏறியது ஏன்? டிரைவரையே கேட்டோம்.

"ஆறு மாடு ஏத்தினா டீசலுக்கே கட்டாது சார். பேசின வாடகை அவ்வளவுதான்" என்றார்.

அவர் கொடியவரல்லர். வாடகையைக் குறைத்துப் பேசியவர், மாட்டை வாங்கியவர், விற்றவர் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. காலையில் அந்தப் பாலில் காப்பி அருந்தும் நமக்கும் உண்டு. மாடு வாங்கும் நேயர்கள் வாடகை பேசும்போதே, "ஆறுக்கு மேல் ஏற்றாதே, கீழே மணலோ பாயோ போடு" என்று சொல்லட்டும். அதற்குரிய கூலியையும் தயங்காமல் கொடுக்கட்டும்.

இறக்கிய இரண்டு மாடுகளும் வேறொரு வண்டி வரும்வரை சாலையோரத்தில் நின்றன. கிழவி தன் கூடையைக் கழுவி, அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.