கணிப்பொறி மாறும்போது புக்மார்க்குகளை எடுத்துச் செல்லுதல்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் அளித்து வந்ததை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்தினர். பதிவு செய்துகொண்டோருக்குச் சிறிது கால நீட்டிப்பு உண்டெனினும் அது நிலையான ஏற்பாடன்று. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். சங்கங்களில் உள்ள பழைய இயந்திரங்கள் பலவற்றில் அது இல்லை. ஆகவே சில சங்கங்கள் புதிய இயந்திரம் வாங்குகின்றன. வேறு சில, இருக்கும் இயந்திரத்திலேயே உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை அமைத்துக்கொள்கின்றன. இவற்றுள் எது நன்று என்பதை நிர்வாகக் குழுவினர் நிதி நிலைக்கேற்ப முடிவு செய்வர். அம்மாற்றத்தின்போது பெரும்பாலும் மறக்கப்படும் ஒரு சிறு பொருளைப் பற்றியே நாம் இங்கு எழுத முற்பட்டோம்.

அதுதான் புக்மார்க். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க உதவும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். அடிக்கடி செல்ல வேண்டிய பக்கத்தின் முகவரியை உலாவியிலேயே குறித்து வைத்துக்கொண்டால், மறுமுறை தட்டச்சு செய்யாமல் ஒரே சொடுக்கில் அங்கு சென்றுவிடலாம். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. கணக்கு, விளைபொருள் விற்பனைக்கென 2016இல் தொடங்கப்பெற்ற ஈ-நாம் சந்தை, அரசுக் கொள்முதலுக்குரிய ஜெம் தளம், வங்கிக் கணக்கு, வானிலை அறிக்கை எனச் சங்கத்தின் அன்றாட அலுவல்கள் பலவும் இக்குறிகளின் வழியாகவே நடைபெறுகின்றன.

நாம் பார்வையிட்ட சங்கம் ஒன்றில், இயந்திரத்தைச் சீர்செய்ய வந்தவர் கணக்குக் கோப்புகளையும் கடிதங்களையும் கவனமாகப் படியெடுத்த பின்னர் வட்டைத் துடைத்துவிட்டார். புக்மார்க்குகளைப் பற்றி அவரிடம் எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாள் குமாஸ்தா வங்கியின் பெயரைத் தேடுபொறியில் இட்டார். முதல் வரியாக வந்தது விளம்பரம். அதைச் சொடுக்கியபோது திறந்த பக்கம் வங்கியின் பக்கம் போலவே தோன்றியது. காரியதரிசி அருகில் நின்று முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்ததால், கடவுச்சொல்லை இடுவதற்கு முன் அது போலிப் பக்கம் என்பது தெரிந்தது. சரிபார்த்துச் சேமித்த முகவரி வசதிக்கு மட்டுமன்று, காப்புக்கும் உரியது என்பது இதனால் விளங்கும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். வட்டைத் துடைப்பதற்கு முன்பே, பழைய இயந்திரத்தில் உலாவியைத் திறந்து கன்ட்ரோல், ஷிப்ட், ஓ ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகிய மூன்றிலும் இது புக்மார்க் பட்டியலைத் திறக்கும். எட்ஜ் இதனைப் பேவரிட்ஸ் என்று அழைக்கும், பொருள் ஒன்றே. அங்குள்ள பட்டியலில் 'எக்ஸ்போர்ட்' என்பதைத் தேர்ந்தால், எச்.டி.எம்.எல். வகைக் கோப்பு ஒன்று உருவாகும். அதனைப் பென் டிரைவில் சேமித்து, புதிய இயந்திரத்தில் அதே பட்டியலுக்குச் சென்று 'இம்போர்ட்' என்பதைத் தேர்ந்து இக்கோப்பைக் காட்டினால் போதும்.

ஓர் உலாவியில் எடுத்ததை வேறோர் உலாவி ஏற்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. 240 கொக்கி ஜக்கார்டுக்கு அடித்த அட்டைக் கோவையை 120 கொக்கிப் பெட்டியில் ஏற்ற முடியாது என்பதை நெசவாளர் அறிவர். இங்கே அந்தத் தொல்லை இல்லை. 1990களில் வழங்கிய நெட்ஸ்கேப் என்னும் உலாவி வகுத்த வடிவத்தையே பின்வந்தோர் எல்லோரும் பின்பற்றுகின்றனர். நெட்ஸ்கேப்புக்கான ஆதரவு 2008இலேயே நின்றுபோயிற்று; ஆயினும் இன்று ஏற்றுமதி செய்யும் கோப்பின் முதல் வரியில் அதன் பெயர் இருப்பதைத் திறந்து பார்ப்போர் காணலாம். விண்டோஸில் எடுத்ததை லினக்ஸில் ஏற்றுவதற்கும் தடையில்லை.

ஏற்றிய பின்னர் குறிகள் பழைய இடத்தில் தோன்றாமல் தனி உறையொன்றினுள் அடங்கியிருக்கக்கூடும். காணவில்லையே என்று மறுபடியும் ஏற்றினால் ஒவ்வொன்றும் இரண்டாகிவிடும். முதலில் உறைகளைத் திறந்து பார்க்க வேண்டும். பயர்பாக்ஸில் மட்டும் மற்றோர் எச்சரிக்கை தேவை. அதில் 'ரீஸ்டோர்' என்று வேறொரு கட்டளை உண்டு. அது பழைய குறிகளோடு புதியவற்றைச் சேர்ப்பதன்று. இருப்பவை அனைத்தையும் நீக்கிவிட்டுக் காப்புப் பிரதியில் உள்ளவற்றை மட்டும் வைப்பது.

எல்லாமே இவ்வாறு எளிதில் குடிபெயர்ந்துவிடும் என்று எண்ணலாகாது. கடவுச்சொற்கள் இக்கோப்பில் வாரா. அவற்றைத் தனியே ஏற்றுமதி செய்யும் வழி உண்டு. ஆனால் அக்கோப்பில் கடவுச்சொற்கள் எவரும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அவசியமானால் செய்து, ஏற்றியவுடன் அழித்துவிட வேண்டும். மின் கையொப்பக் கருவிக்கான மென்பொருளைப் புதிய இயந்திரத்தில் தனியே நிறுவ வேண்டும். சி டிரைவில் உள்ள கோப்பைச் சுட்டும் குறிகள் லினக்ஸில் பயன்படமாட்டா. வங்கித் தளத்தினுள் நுழைந்த பின்னர்க் காணும் உட்பக்கத்தைக் குறித்து வைத்திருந்தால், அதுவும் திறவாது. முகப்புப் பக்கத்தையே குறிக்க வேண்டும். புக்மார்க் கோப்பையும் கண்ட இடத்தில் விடலாகாது. இணைப்பு கையில் கிடைத்தவர் எவரும் திறக்கக்கூடிய அங்கத்தினர் பட்டியல் போன்றவற்றின் முகவரி அதில் இருக்கலாம் அல்லவா?

உலாவியில் ஒரு கணக்கைத் தொடங்கி நுழைந்துவிட்டால் குறிகள் தாமாகவே புதிய இயந்திரத்திற்கு வந்துவிடும் என்பார் உளர். உண்மைதான். ஆனால் அக்கணக்கு யாருடையது என்று கேட்க வேண்டும். காரியதரிசியின் சொந்தக் கணக்காயின், அவர் பதவி விலகும்போது சங்கத்தின் முகவரிகளும் அவருடன் செல்லும். அவருடைய வீட்டு விவகாரங்கள் அலுவலகத் திரையில் தோன்றுவதும் உண்டு. சங்கத்தின் பெயரில் கணக்கு இருந்தால் மட்டுமே இம்முறையைக் கைக்கொள்ளலாம்.

இயந்திரம் முன்னரே பழுதாகி எழவில்லை என்றாலும் வட்டு நன்றாக இருந்தால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்து, பயனாளரின் உறையில் மறைந்துள்ள ஆப்டேட்டா என்னும் பகுதியைத் தேடினால், குரோம் வைத்திருக்கும் 'புக்மார்க்ஸ்' என்ற கோப்பும், பயர்பாக்ஸின் 'பிளேசஸ்' என்ற கோப்பும் கிடைக்கும். புதிய இயந்திரத்தில் அதே உலாவியை மூடி வைத்துக்கொண்டு, உரிய இடத்தில் அக்கோப்பை இட்டால் குறிகள் மீளும். இது பழக்கமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. வட்டு அவர் கைக்குச் செல்லும்வரை, எவரும் அதில் புதிய இயங்குதளத்தை நிறுவிவிடாதபடி அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டி வைப்பது நலம்.